பணக்கார வீடு எது?

செல்வம் என்பது யாது என்று பொருளியல் வல்லுநர்கள் நூல் நூலாக எழுதியிருக்கிறார்கள். எட்டு வயதுச் சிறுவனைக் கேட்டுப் பாருங்கள். நொடியில் விடை சொல்லிவிடுவான். "அவங்க வீட்டிலே பிரிட்ஜ் இருக்கு, அவங்க பணக்காரங்க!" வருமானம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்ற ஆராய்ச்சியெல்லாம் அவனுக்கு வேண்டுவதில்லை.

சாந்த்ராகாச்சியில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளாகிய எங்களிடமும் இப்படியொரு பட்டியல் இருந்தது. கரண்டு போனாலும் இன்வெர்ட்டரில் சுழலும் மின்விசிறி, ஜன்னலில் ஏ.சி., வாசலில் கார், கோரமண்டல் எக்ஸ்பிரசை விட்டு விமானத்தில் சென்னை செல்வது – இவையே செல்வத்தின் இலக்கணம். அத்தகையோரை வங்காளத் தோழர்கள் 'பொரொலோக்' என்பார்கள். சொல்லின் நேர்ப்பொருள் 'பெரிய மனிதர்', வழக்கில் 'பணக்காரர்'. நாமும் 'பெரிய இடம்' என்றுதானே சொல்கிறோம்!

இதைப் பிள்ளை விளையாட்டு என்று தள்ளிவிடலாமா? இயலாது. ஏனெனில், புள்ளியியல் அறிஞர்களும் ஏறக்குறைய இதே வழியைத்தான் கையாளுகிறார்கள். வீடு வீடாகச் சென்று "உங்கள் வருமானம் என்ன?" என்று கேட்டால் சரியான விடை கிடைப்பது அரிது. உழவருக்கும் கூலித் தொழிலாளிக்கும் வருவாய் மாதத்திற்கு மாதம் மாறும். சொல்லத் தயங்குவோரும் உண்டு. சைக்கிள் உண்டா, இல்லையா என்பதற்கோ விடை எளிது. ஆகவேதான் 2001, 2011ஆம் ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் ரேடியோ, டெலிவிஷன், டெலிபோன், சைக்கிள், கார் ஆகியவை பற்றி வீடுதோறும் கேட்டார்கள். ஃபில்மர், பிரிட்செட் என்னும் இரு அறிஞர்கள், இந்தியக் குடும்பநல ஆய்வின் விவரங்களைக் கொண்டே, வீட்டுப் பொருள்களிலிருந்து செல்வ நிலையை மதிப்பிடலாம் என 2001இல் எழுதினர்.

சரி, எந்தப் பொருளுக்கு எத்தனை மதிப்பெண்? இங்கே உதவுவது 1901இல் கார்ல் பியர்சன் தொடங்கி, 1933இல் ஹோட்டலிங் வளர்த்த கணித முறை. அதன் உட்கருத்து எளியது. எல்லா வீட்டிலும் உள்ள பொருள் வீட்டுக்கு வீடு வேறுபாடு காட்டாது. ஆகவே அதற்கு எடை இல்லை. எவரிடமும் இல்லாத பொருளும் அவ்வாறே. சில வீடுகளில் மட்டும் இருந்து, பிற வசதிகளோடு சேர்ந்தே காணப்படும் பொருளுக்குத்தான் எடை மிகுதி. எங்கள் பட்டியலிலும் வெறும் மின்விசிறிக்கு இடமில்லை. அது எல்லோர் வீட்டிலும் இருந்தது. இன்வெர்ட்டர் அப்படியன்று!

இதனால் விளங்குவது யாது? செல்வத்தின் அடையாளம் பொருளில் இல்லை. அதன் அருமையில் இருக்கிறது. 2011இல் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 87 வீடுகளில் டெலிவிஷன் இருந்தது. மேற்கு வங்காளத்திலோ நூற்றுக்கு 35 வீடுகளில்தான். 2006இல் தமிழக அரசு தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் இதற்கு ஒரு காரணம். ஆகவே அங்கே ஒன்றும் உணர்த்தாத அதே பெட்டி, இங்கே ஒரு குடும்பத்தின் நிலையை உணர்த்தியது.

ஆயின், இந்த அளவுகோல் தவறினால் துன்பம் ஏழைக்கே. 2011இல் நடந்த சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பில், பிரிட்ஜோ மோட்டார் சைக்கிளோ வைத்திருந்த கிராமத்துக் குடும்பங்கள் ஏழைகள் பட்டியலுக்கு வெளியே நிறுத்தப்பட்டன. மத்திய அரசின் கிராமப்புற வீட்டுத் திட்டத்திலும் இதே விலக்கு இருந்தது. பழைய வண்டியில் மீன் கூடையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராய் விற்பவருக்கு அந்த வண்டி ஆடம்பரமா, பிழைப்பா? 2024இல்தான் அத்திட்டத்தில் இவ்விரு விலக்குகளும் நீக்கப்பட்டன.

நம்மைப் போல் ஊர்விட்டு வந்தவர்களிடம் இக்கணக்கு இன்னும் பிழைபடும். ரயில்வே குவார்ட்டர்ஸின் அளவு, குடியிருப்பவரின் உத்தியோகத்தைக் காட்டுமேயன்றிச் செல்வத்தைக் காட்டாது. ஒரு வீட்டில் புதுச் சாமான்கள் நிறைந்திருக்கும். அத்தனையும் தவணையில் வந்தவையாக இருக்கலாம். அடுத்த வீடு வெறிச்சென்றிருக்கும்; அங்கிருந்து மாதந்தோறும் ஊரிலுள்ள தாய் தந்தையருக்குப் பணம் போய்க்கொண்டிருக்கலாம். கடனையும் கடமையையும் எந்தப் பட்டியலும் எண்ணுவதில்லை.

நண்பர்களே! உதவித்தொகை யாருக்குத் தேவை என்று நாம் பேசும்போது, கையிலுள்ள செல்போனையும் காலிலுள்ள செருப்பையும் பார்த்தே பலமுறை தீர்ப்புக் கூறுகிறோம். அது எட்டு வயதில் கற்ற கணக்கு. கண்ணால் கண்டதோடு நில்லாமல், அருகிலிருந்து இரண்டு வார்த்தை கேட்டும் அறிவோமாக!