சால்மன் குஞ்சுகளின் முதல் கோடை

2009இல் கனடாவின் ஃபிரேசர் ஆற்றுக்கு 1 கோடி சாக்கை சால்மன்கள் திரும்பிவரும் என்று மீன்வளத் துறை கணக்கிட்டிருந்தது. வந்தவை சுமார் 15 லட்சம். பிரதமர் விசாரணை ஆணையமே அமைத்தார். அதே ஆண்டில், அதே இனம், அலாஸ்காவின் பிரிஸ்டல் விரிகுடாவுக்கு ஏறத்தாழ 4 கோடி வந்து சேர்ந்தது.

ஆற்றில் பிறக்கும் சாக்கை குஞ்சு கடலில் இறங்கும்போது ஒரு விரல் நீளம்தான் இருக்கும். முதல் சில மாதங்களில் மளமளவென்று வளர்ந்தால் பிழைக்கும். இல்லையென்றால் பெரிய மீனுக்கோ கடற்பறவைக்கோ இரை. அந்த மாதங்களில் கடல் சூடாக இருப்பது நல்லதா, கெட்டதா? எந்தக் கரை என்று தெரியாமல் பதில் சொல்லவே முடியாது. ராண்டல் பீட்டர்மன் உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள் 120 சால்மன் கூட்டங்களின் பதிவுகளை ஒப்பிட்டு 2002இல் இதைக் காட்டினார்கள். கடல் சூடான ஆண்டுகளில் அலாஸ்காக் குஞ்சுகள் கூடுதலாகப் பிழைத்தன. பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் வாஷிங்டனிலும் கூடுதலாக மடிந்தன. அருகருகே உள்ள ஆறுகளின் மீன்களுக்குப் பெரும்பாலும் ஒரே கதி. சில நூறு கிலோமீட்டர் தள்ளிப்போனால் அந்த ஒற்றுமை மறைந்துவிடுகிறது.

தெற்கில் சிக்கல் தீனியில் இருக்கிறது. ஆரிகன் மாநிலத்தின் நியூபோர்ட் கரைக்கு அப்பால், 1996 முதல் கடலியலாளர் பில் பீட்டர்சன் குழுவினர் நுண்வலை இழுத்து மிதவை உயிரிகளை எண்ணிவந்தார்கள். குளிர்ந்த ஆண்டுகளில் வலையில் விழுபவை வடக்கிலிருந்து வரும் கோபிபாடுகள் என்னும் சிறு ஓட்டுடலிகள். நுண்ணோக்கியில் வைத்தால் அவற்றின் உடலுக்குள் எண்ணெய்ப் பை பளபளவென்று தெரியும். சூடான ஆண்டுகளில் தெற்கத்தி இனங்கள் வருகின்றன; அவை பொடியானவை, கொழுப்பும் குறைவு. கோபிபாடைத் தின்ற, இறால் போன்ற கிரிலையும் சிறுமீனையும்தான் சால்மன் குஞ்சு தின்கிறது. அடியில் கொழுப்பு இல்லையென்றால் மேலே ஏறுவதற்கும் ஒன்றுமில்லை.

அலாஸ்காவில் குறை வேறு. அங்கே நீரில் சத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் காற்று கடலைக் கலக்கி, நுண்பாசியை வெளிச்சம் எட்டாத ஆழத்துக்கு இழுத்துவிடுகிறது. மேல்நீர் கொஞ்சம் சூடேறி அடுக்காக நின்றால் பாசி ஒளியில் தங்கித் தழைக்கும் என்பது கடலியலாளர் ஆன் கார்கெட் 1997இல் முன்வைத்த விளக்கம். எனக்கு இது மிகவும் பொருத்தமாகப் படுகிறது: ஒரே வெப்பம் ஓரிடத்தில் பஞ்சத்தையும் இன்னோரிடத்தில் விளைச்சலையும் கொண்டுவருவது இதனால் புரிகிறது. பசிபிக் முழுவதற்கும் ஒரே கணக்குப் போடுவது வீண்வேலை என்பதும்தான்.

வடக்குக்குக் கிடைத்த இந்தச் சலுகையும் நிரந்தரமல்ல. 2014 முதல் 2016 வரை நீடித்த கடல் வெப்ப அலைக்கு நடுவே கடலில் இறங்கிய இளஞ்சிவப்பு சால்மன் குஞ்சுகள் அலாஸ்கா வளைகுடாவில் 2016இல் மிகக் குறைவாகவே திரும்பின. மீன்பிடிப் பேரிடர் என்றே அரசு அறிவித்தது. அதற்கு மேற்கே, பெரிங் கடலை ஒட்டிய பிரிஸ்டல் விரிகுடாவிலோ 2022இல் 7.5 கோடிக்கும் மேல் சாக்கை வந்து, அதுவரை இருந்த எல்லாப் பதிவுகளையும் முறியடித்தது.