சிறைச்சாலையும் இணையமும்



சிறையில் இருப்பவருக்கு இணைய வசதி அளிக்கலாமா என்பது இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். இதனைக் கேட்டவுடன் உங்களுள் பலர் முகம் சுளித்திருப்பீர்கள். 'குற்றம் செய்தவனுக்குச் சோறும் துணியும் கொடுப்பது போதாதா? இணையமும் வேண்டுமா?' என்று கேட்கத் தோன்றும். அக்கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும், ஒரு பொருளைப் பற்றி முடிவு கூறுமுன் அதனைக் கூறுபடுத்திப் பார்த்தல் வேண்டும். இணையம் என்னும் ஒரு சொல்லுக்குள் எத்தனையோ செயல்கள் அடங்கிக் கிடக்கின்றன. சட்டம் படிப்பதும் அதில்தான். பாடம் கேட்பதும் அதில்தான். திரைப்படம் பார்ப்பதும், பணம் அனுப்புவதும், சாட்சியை மிரட்டுவதும் அதில்தான். தபால் நிலையம், நூலகம், வங்கி, கொட்டகை, கடைத்தெரு ஆகிய ஐந்தையும் ஒரே கூரையின்கீழ் வைத்துவிட்டு, 'கைதியை உள்ளே விடலாமா?' என்று கேட்டால் என்ன விடை சொல்வது? எந்த அறைக்குள் விடலாம், எந்த அறைக்குள் விடலாகாது என்று கேட்பதே முறை.

இது வெறும் பட்டிமன்றப் பொருள் அன்று. நீதிமன்றப் படியேறி விடை பெற்ற பொருள். எஸ்தோனியா என்பது பால்டிக் கடலோரத்தில் உள்ள ஒரு சிறிய நாடு. அரசாங்க அலுவல்களைக் கணிப்பொறிக்கு மாற்றுவதில் முன்னணியில் நிற்கும் நாடு அது. அங்கே ஆயுள் தண்டனை பெற்ற ஒருவர், சிறை அதிகாரிகளிடம் ஒரு விண்ணப்பம் கொடுத்தார். அவர் கேட்டவை மூன்று இணையதளங்கள். ஒன்று, அந்நாட்டுப் பாராளுமன்றத்தின் தளம். மற்றொன்று, குடிமக்களின் முறையீடுகளைக் கேட்பவரும், சட்டங்கள் அரசியலமைப்போடு பொருந்துகின்றனவா என்று ஆராய்பவருமான ஓர் உயர் அதிகாரியின் தளம். மூன்றாவது, தலைநகர் தாலினில் இருந்த ஐரோப்பிய மன்றத் தகவல் அலுவலகத்தின் தளம். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் தீர்ப்புகள் சில, எஸ்தோனிய மொழியில் பெயர்க்கப்பட்டு அங்கேதான் வெளியிடப்பட்டிருந்தன. சிறை நிர்வாகத்தோடு அவருக்குச் சில வழக்குகள் இருந்தன. அவற்றைத் தாமே நடத்துவதற்கு இத்தளங்கள் தேவை என்பது அவர் வாதம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எஸ்தோனியச் சட்டம் கைதிகளுக்கு இணையத்தின் கதவை முழுவதும் அடைத்துவிடவில்லை. இதற்கெனத் தனியே அமைக்கப்பட்ட கணிப்பொறியில், சிறை அலுவலரின் மேற்பார்வையில், சட்டங்களின் தொகுப்பையும் நீதிமன்றத் தீர்ப்புகளின் தொகுப்பையும் பார்க்கலாம் என்று அச்சட்டமே கூறியது. சட்டத்தை அறிந்து நடக்க வேண்டுமென்று ஒருவனிடம் சொல்லிவிட்டு, அது எழுதப்பட்ட இடத்தை மட்டும் மறைத்துவைப்பது எங்ஙனம் பொருந்தும்? ஆதலால்தான் அந்த ஏற்பாடு. ஆயினும் மேலும் மூன்று தளங்கள் என்றதும் நிர்வாகம் மறுத்தது. வெளியாரோடு கள்ளத்தொடர்பு கொள்ள வழியாகும் என்றனர். கண்காணிக்கச் செலவு கூடும் என்றனர். முடிவில் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் அதனை ஏற்றுக்கொண்டது.

வழக்கு ஸ்ட்ராஸ்பர்க் நகரில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தை அடைந்தது. 2016ஆம் ஆண்டு ஜனவரி 19ஆம் நாள் தீர்ப்பு வந்தது. கைதிக்கு இணையம் கொடுத்தே தீர வேண்டும் என்று அந்த நீதிமன்றம் கூறிவிட்டதாகச் சிலர் எழுதுகின்றனர். அது தவறு. கைதிகளுக்கு இணையம் வழங்க வேண்டிய பொதுக் கடமை எதுவும் நாடுகளுக்கு இல்லை என்று அத்தீர்ப்பு தெளிவாகவே சொல்கிறது. பின் எதற்காக எஸ்தோனியா தோற்றது? சட்டத் தகவல் அடங்கிய சில தளங்களைப் பார்க்க நீங்களே வசதி செய்திருக்கிறீர்கள். கணிப்பொறியும் இருக்கிறது, காவலும் இருக்கிறது. அதே தன்மையுடைய மேலும் மூன்று தளங்களால் என்ன ஆபத்து வரும், எவ்வளவு செலவு கூடும் என்று நீங்கள் காட்டவில்லையே என்றுதான் பெரும்பான்மை நீதிபதிகள் கேட்டனர். ஏழு நீதிபதிகளில் ஒருவர் மட்டும் மாறுபட்டார். தகவலைப் பெறும் உரிமை மீறப்பட்டது என்பது முடிவு.

அடுத்த ஆண்டே லிதுவேனியாவின் வழக்கு வந்தது. அதன் கதை இன்னும் சிறியது. எனக்கு இன்னும் உறுத்துவது. சிறையில் இருந்த ஒருவர் பல்கலைக் கழகத்தில் சேர்ந்து சட்டம் பயில விரும்பினார். 2006ஆம் ஆண்டு கல்வி அமைச்சகத்துக்குக் கடிதம் எழுதி விவரம் கேட்டார். அமைச்சகம் மரியாதையாகவே விடை எழுதியது: விவரங்களெல்லாம் இணையதளத்தில் இருக்கின்றன, பார்த்துக்கொள்ளவும். சிறை நிர்வாகமோ, இணையம் பார்க்கக் கூடாது என்றது. அரசின் ஒரு கை காட்டிய கதவை அரசின் மறு கை தாழிட்டது! 2017 ஜனவரியில் ஸ்ட்ராஸ்பர்க் நீதிபதிகள் எழுவரும் ஒருமனதாக அது தவறென்று தீர்ப்பளித்தனர்.

இந்த இரு வழக்குகளிலும் உள்ள பொதுத்தன்மை யாது? இருவரும் கேட்டது கேளிக்கை அன்று. அரசாங்கம் வெளியிட்ட தகவல். ஒரு காலத்தில் இவை யாவும் தாளில் அச்சாகி வந்தன. சிறை நூலகத்தில் ஒரு படி வைத்தால் போதும். இன்றோ அரசிதழ், விண்ணப்பப் படிவம், தேர்வு முடிவு, பாடநூல் எல்லாம் மின்வடிவம் பெற்றுவிட்டன. பலவற்றுக்குத் தாளே இல்லை. எனவே கைதியின் உரிமையில் யாரும் கைவைக்காமலே அது குறைந்துகொண்டு வருகிறது. மதிலை யாரும் உயர்த்தவில்லை. வெளியே இருந்த நிலம் நகர்ந்துவிட்டது.

நான் பணியில் இருந்த காலத்தில், ஒரு மத்திய சிறையில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய கைதிகளுக்குக் கண்காணிப்பாளனாகச் சென்றதுண்டு. கணிதத் தேர்வு முடிந்ததும் நாற்பது வயதைக் கடந்த ஒருவர் விடைத்தாளை என் கையில் கொடுத்து, "ஐயா, பழைய கேள்வித்தாள் நாலு கிடைச்சிருந்தா இன்னும் நல்லா எழுதியிருப்பேன்" என்றார். என் பள்ளிப் பிள்ளைகளோ பத்தாண்டு வினாத்தாள்களைக் கணிப்பொறியிலிருந்து எடுத்து அச்சிட்டு, தைத்து, பையில் வைத்திருந்தனர். பாதிப் பேர் அதைத் திறந்தும் பார்க்கவில்லை என்பது வேறு கதை.

இனி, மறுப்போர் கூறும் காரணங்களுக்கு வருவோம். அவற்றை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். சிறைக்குள் கடத்தப்பட்ட கைப்பேசியைக் கொண்டு பணம் பறிப்பதும், சாட்சிகளை அச்சுறுத்துவதும், வெளியே உள்ள கூட்டாளிகளை ஏவுவதும் நம் நாட்டிலேயே மீண்டும் மீண்டும் நடந்துள்ளன. 2023ஆம் ஆண்டு மைய உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரிச் சிறைச் சட்டம், கைப்பேசி வைத்திருப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருப்பதும் அதனால்தான். குற்றத்தால் நொந்த குடும்பத்தின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். மகனைக் கொன்றவன் சிரித்த முகத்தோடு எடுத்த படம் ஒன்றை, அம்மகனின் தாய் கைப்பேசியில் காண நேர்ந்தால் அவள் மனம் என்ன பாடுபடும்! ஆகவே, எல்லாருக்கும் எல்லாத் தளமும் என்று யாரேனும் கூறினால் அதனை நான் ஒப்பேன்.

ஆனால் இந்த ஆபத்துகள் யாவும் எதனால் வருகின்றன? ஒருவன் வெளியே *அனுப்புவதனால்* வருகின்றன. உள்ளே இருந்து *படிப்பதனால்* வருவன மிகச் சில. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் வழி தெரியும். கணிப்பொறியைக் கட்டுப்படுத்த இரு முறைகள் உண்டு. தீய தளங்களைப் பட்டியலிட்டு அவற்றை மட்டும் தடுப்பது ஒரு முறை. நாளும் புதிய தளங்கள் பிறப்பதால் அந்தப் பட்டியல் என்றும் முடிவதில்லை. சிறைக்கு அது உதவாது. எல்லாவற்றையும் தடுத்துவிட்டு, அனுமதித்த தளங்களை மட்டும் திறந்துவிடுவது மற்றொரு முறை. இதுவே சிறைக்கு ஏற்றது. இதிலும் ஓட்டைகள் உண்டு என்பதை மறைக்கலாகாது. அரசாங்கத் தளத்திலேயே கருத்து எழுதும் கட்டம் இருக்கும். வேறு தளத்துக்குத் தாவும் இணைப்பு இருக்கும். ஆகவே அக்கட்டங்களையும் இணைப்புகளையும் முடக்க வேண்டும். யார் எப்போது எதைப் பார்த்தார் என்ற பதிவு இருக்க வேண்டும். அதற்கும் அஞ்சினால் இன்னும் பாதுகாப்பான வழி ஒன்று உண்டு. தேவையான தளங்களின் படியை எடுத்துச் சிறைக்குள் இருக்கும் ஒரு கணிப்பொறியில் வைத்துவிடலாம். வெளியுலகோடு அதற்குக் கம்பித் தொடர்பே இராது. வாரம் ஒருமுறை படியைப் புதுப்பித்தால் போதும். அது நூலகத்துக்குப் புதுப் புத்தகம் வாங்குவதைப் போன்றதே.

இவை கற்பனைகள் அல்ல. பெல்ஜியத்தில் பெவரன் என்னும் ஊரில் 2014ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சிறையில், ஒவ்வோர் அறையிலும் இத்தகைய கட்டுப்பாட்டுக்குட்பட்ட கருவி வைக்கப்பட்டது. பின்லாந்தில் ஹாமென்லின்னா நகரத்துப் பெண்கள் சிறையில் 2021ஆம் ஆண்டு முதல் அறைகளுக்குள்ளேயே கருவிகள் அளிக்கப்பட்டன. குடும்பத்தாரோடு பேசவும், அனுமதித்த சில தளங்களைக் காணவும் அவை பயன்பட்டன. ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை 2015ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட, நெல்சன் மண்டேலாவின் பெயர் தாங்கிய சிறை விதிகளும், குடும்பத்தோடு தொடர்புகொள்ளும் வழிகளுள் மின்னணு வழியையும் சேர்த்துக் கூறுகின்றன. அமெரிக்காவில் மட்டும் வேறொரு கோளாறு. அங்கே கூட்டாட்சிச் சிறைகளில் மின்னஞ்சல் எழுத நிமிடத்துக்கு 5 சென்ட் கட்டணம் வைத்தனர். மெதுவாகத் தட்டெழுதுகிறவன் அதிகம் கொடுக்க வேண்டும். எழுதப் படிக்கத் தடுமாறும் ஏழைக்கே செலவு மிகுதி. வணிகர் கையில் இவ்வசதி போனால் இப்படித்தான் ஆகும்.

நம் நாட்டு நிலை யாது? 2022ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களுள் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு எழுபத்தைந்துக்கும் மேல். 'குற்றவாளிக்கு இணையமா?' என்று தொடக்கத்தில் கேட்டோமே, இவர்களுள் எவரும் தாம் அடைபட்டிருக்கும் வழக்கில் இன்னும் குற்றவாளியென்று தீர்க்கப்பட்டவர் அல்லர். தம் வழக்கு எந்த நாளுக்குத் தள்ளிவைக்கப்பட்டது என்பதை அறிய இவர்கள் வக்கீலையோ வார்டரையோ எதிர்நோக்கியிருக்கிறார்கள். நீதிமன்றங்களின் இணையதளத்திலோ அத்தேதி எல்லார்க்கும் வெளிப்படையாகக் கிடக்கிறது! இணையம் நம் சிறைகளுக்குள் நுழையவில்லை என்றும் சொல்வதற்கில்லை. கைதியைக் குடும்பத்தார் திரையில் கண்டு பேசும் ஏற்பாடு வந்துவிட்டது. ஜாமீன் கிடைத்தும் ஆணை வந்து சேராமல் கைதிகள் உள்ளேயே கிடந்த செய்தி 2021ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தின் கவனத்துக்கு வந்தது. 2022 மார்ச்சு 31இல் ஆணைகளை மின்வழியே சிறைக்கு அனுப்பும் முறை தொடங்கப்பட்டது. ஆணை அலுவலகத்துக்கு மின்னல் வேகத்தில் வரலாம், அதே ஆணையைக் கைதி பார்க்கக் கூடாதா என்பதே எஞ்சிய கேள்வி.

நம் உச்ச நீதிமன்றம் இத்தகைய கேள்வி ஒன்றுக்கு இணையம் பிறக்குமுன்பே விடை கூறியிருக்கிறது. பிரபாகர் பாண்டுரங்க சன்ஸ்கிரி என்பவர் இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ்ப் பம்பாய்ச் சிறையில் வைக்கப்பட்டார். சிறையில் இருந்தபடியே அணுவின் உள்ளமைப்பைப் பற்றி மராட்டி மொழியில் ஓர் அறிவியல் நூல் எழுதி முடித்தார். கையெழுத்துப் படியை வெளியே அனுப்ப அனுமதி கேட்டார்; அரசு மறுத்தது. காவலில் இருப்பவனுக்கு, விதிகள் வெளிப்படையாகக் கொடுத்த சலுகைகள் மட்டுமே உண்டு. நூல் எழுதி அனுப்பலாம் என்று விதியில் இல்லையே என்பது அரசின் வாதம். 1965ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தைத் தள்ளியது. விதிகள் கட்டுப்பாடுகளைச் சொல்வன. அவை சொல்லாத இடத்தில் அவர் உரிமை அவரிடமே இருக்கிறது என்றது. இவ்வழக்கைச் சட்டம் பயில விரும்பும் மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும். இணையத்துக்கு அதனை அப்படியே பொருத்திவிட முடியாது என்பதும் உண்மை. அன்று அரசு செய்ய வேண்டியது வழிவிடுவது மட்டும், இன்றோ கருவி வாங்கவும் ஆள் வைக்கவும் வேண்டும்.

ஆகவே என் கருத்து இது. சட்டம், வழக்கின் நிலை, பள்ளி கல்லூரிப் பாடங்கள், வேலைவாய்ப்பு, நாளிதழ் ஆகிய இவற்றைப் படிக்கும் வசதி, கட்டணம் இன்றி, நூலக அறையில் அனைவருக்கும் வேண்டும். வெளியே எழுதி அனுப்பும் வசதி, கடிதத்தைப் போலத் தணிக்கைக்கு உட்பட்டதாக இருக்கட்டும். அதனைத் தவறாகப் பயன்படுத்தியவனுக்குக் குறிப்பிட்ட காலம் நிறுத்தட்டும். பாடத்தை நிறுத்த வேண்டா. சமூக வலைத்தளங்கள் சிறைக்குள் வேண்டியதில்லை.

இனி எஞ்சுவது பட்டியலை யார் எழுதுவது என்பது. தனி ஒரு சிறை அதிகாரியிடம் விட்டால், கேட்டதையெல்லாம் மறுப்பதே அவருக்குப் பாதுகாப்பு. ஒரு தளத்தைத் திறந்து தொல்லை வந்தால் அவர் பதில் சொல்ல வேண்டும், மூடியே வைத்திருந்தால் ஒருவரும் கேட்கப் போவதில்லை. எனவே மாவட்ட நீதிபதி, கல்வி அதிகாரி, சிறை அதிகாரி மூவரும் கூடி ஆண்டுக்கு இருமுறை பட்டியலைத் திருத்தட்டும். ஒரு கைதி ஒரு தளத்தைக் கேட்டு மறுக்கப்பட்டால், காரணத்தை எழுத்தில் கொடுக்கட்டும். எஸ்தோனிய அரசு ஸ்ட்ராஸ்பர்க்கில் கொடுக்க இயலாமல் நின்றது அந்தக் காரணத்தைத்தான்.