பச்சிளங் குழந்தைகளில் நீடித்த மஞ்சள் காமாலை

பிறந்த குழந்தையின் தோலிலும் கண்ணின் வெண்பகுதியிலும் காணப்படும் மஞ்சள் நிறம் இரண்டு வாரங்களைக் கடந்தும் மறையாமல் இருப்பது நீடித்த மஞ்சள் காமாலை எனப்படும். குறைமாதக் குழந்தைக்கு இந்தக் கணக்கு மூன்று வாரம். பழைய சிவப்பணுக்கள் சிதையும்போது உண்டாகும் பிலிருபின் என்னும் நிறமி இரத்தத்தில் தேங்குவதால் இந்நிறம் தோன்றுகிறது.

பெரும்பாலும் இது தாய்ப்பாலால் வரும் தீங்கற்ற காமாலையாகவே இருக்கும். குழந்தை நன்றாகக் குடித்து எடை கூடினால் பாலை நிறுத்த வேண்டியதில்லை. மூன்று மாதம் வரைகூட நிறம் நீடிக்கலாம். தைராய்டு சுரப்புக் குறைவு, சிறுநீர்த் தொற்று ஆகியவையும் காரணமாகலாம். தைராய்டு குறைவுக்கு உடனே மருந்து தராவிட்டால் மூளை வளர்ச்சி குன்றும்.

அஞ்ச வேண்டியது பித்தநாள அடைப்பு. கல்லீரலில் சுரக்கும் பித்தநீர் குடலுக்குப் போக வழியின்றிக் கல்லீரலையே கெடுக்கிறது. மலத்துக்கு நிறம் தருவது பித்தநீர்தான். அது வராதபோது மலம் வெளுத்துக் களிமண் நிறமாகும். சிறுநீரோ துணியில் மஞ்சள் கறை படியும் அளவுக்கு அடர்ந்திருக்கும். முதல் வாரங்களில் இக்குழந்தை கொழுகொழுவென்றே இருக்கும் என்பதால் பெற்றோருக்குச் சந்தேகம் எழுவதில்லை. மொத்த பிலிருபினோடு நேரடி பிலிருபினையும் அளக்க வேண்டும். நேரடி அளவு டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் தாமதிக்கலாகாது. ஸ்கேன், தேவைப்பட்டால் கல்லீரல் திசுச் சோதனை ஆகியவை அடுத்து வரும்.

ஜப்பானிய மருத்துவர் மோரியோ கசாய் 1950களில் உருவாக்கிய அறுவை சிகிச்சையில், குடலின் ஒரு பகுதி கல்லீரலோடு நேராக இணைக்கப்படுகிறது. 60 நாட்களுக்குள் செய்தால் பலன் கூடுதல். 45ஆம் நாள் தடுப்பூசிக்குப் போகும்போதே மலத்தின் நிறத்தைச் செவிலியரிடம் சொல்லிவிட்டால், இன்னும் இரண்டு வாரம் கையில் இருக்கும். தைவானில் 2004 முதல் மல நிற அட்டையைத் தாய்மாருக்குத் தருகிறார்கள்.

கொள்ளிடக் கரையில் வரப்பெல்லாம் கீழாநெல்லி கிடைக்கும். பெரியவர்கள் அன்போடுதான் அரைத்துத் தருகிறார்கள். ஆனால் அதுவோ, காலை வெயிலோ, சர்க்கரைத் தண்ணீரோ அடைபட்ட நாளத்தைத் திறக்காது, நாட்கள்தான் கழியும்.

நாளம் அடைபட்ட குழந்தைக்கு அறுவை சிகிச்சை பலிக்காவிட்டால் எஞ்சுவது கல்லீரல் மாற்று. காஞ்சிபுரத்தைச் சேர்ந்த 20 மாதக் குழந்தைக்கு 1998 நவம்பரில் டெல்லி அப்போலோ மருத்துவமனையில், தந்தையின் கல்லீரலிலிருந்து ஒரு பகுதி பொருத்தப்பட்டது. இந்தியாவில் குழந்தைக்குச் செய்யப்பட்டு வெற்றிபெற்ற முதல் கல்லீரல் மாற்று அதுவே. அக்குழந்தை வளர்ந்து மருத்துவரானார்.