பரங்கிப்பேட்டை இரும்புக்குச் சான்று எங்கே?

பரங்கிப்பேட்டையில் உருக்கிய இரும்பைக் கொண்டுதான் வேல்ஸ் நாட்டு மெனாய் பாலத்தைக் கட்டினார்கள் என்று கடலூர், சிதம்பரம் பக்கம் பெருமையாகச் சொல்வதுண்டு. பழைய நூல்களிலும் இதைப் பார்க்கலாம். ஆனால் தேதி உதைக்கிறது. மெனாய் தொங்குபாலம் திறந்தது 1826 ஜனவரியில். பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்று முகத்துவாரத்தில், ஜோசியா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் உலை மூட்டியதோ 1830 வாக்கில்!

அதே மெனாய் நீரிணையில் 1850இல் திறந்த பிரிட்டானியா குழாய்ப் பாலம் என்றால் காலக்கணக்கு இடிக்காது. அது பாதி கப்பல், பாதி பாலம். இரும்புத் தகடுகளை ரிவெட் அடித்து இணைத்த ராட்சதப் பெட்டி. அதற்குள் ரயில் ஓடியது. ராபர்ட் ஸ்டீபன்சனோடு அதை வடிவமைத்த வில்லியம் ஃபேர்பேர்ன், லண்டன் மில்வாலில் இரும்புக் கப்பல் கட்டியவர். அந்நாளில் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்' என்ற இரும்பு நீராவிக் கப்பலை நீரில் இறக்கும்போது பாதியில் சிக்கிக்கொண்டது. சுமார் 110 அடி நீளத்துக்கு அடியில் எந்தத் தாங்கலும் இல்லை. அப்படியும் கப்பல் முறியவில்லை. பாலம் கட்டுபவர்களுக்கு இதைவிடத் தெம்பான சேதி வேறென்ன?

இரும்பு எங்கிருந்து வந்தது என்று தேடுபவருக்குக் கப்பலில் ஒரு வசதி, அதன் பிறப்புக் கதை காகிதத்தில் இருக்கும். பயணிகள் நீராவிக் கப்பல்களை ஆண்டுக்கு இருமுறை சர்வே செய்ய வேண்டும் என்று 1846இல் பிரிட்டனில் சட்டம் வந்தது. கப்பல்களைத் தரம் பிரிக்கும் லாயிட்ஸ் ரெஜிஸ்டர் அமைப்பு 1855இல் இரும்புக் கப்பல்களுக்கென்று தனி விதிகள் வெளியிட்டது. சர்வேயர் சிறு சுத்தியலோடு கப்பலைச் சுற்றி வருவார். ரிவெட்டைத் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். சத்தம் மொத்தையாக வந்தால் அது தளர்ந்த ரிவெட், பிடுங்கிவிட்டு வேறு அடிக்க வேண்டியதுதான். தகட்டில் பதிந்த ஆலை முத்திரையும் அறிக்கையில் ஏறும்.

பரங்கிப்பேட்டை இரும்பு நழுவியது இந்த முத்திரையில்தான். அது பாளம் பாளமாக ஷெஃபீல்டுக்குப் போய், உருகி வேறு இரும்போடு கலந்தது. தகட்டில் விழுவது அதை உருட்டிய ஆலையின் பெயர். தாது எந்த ஊருடையது என்று அங்கே யாருக்குக் கவலை?

சரக்கில் குறை இல்லை. சேலம் பகுதியின் காந்தத் தாதுவை இங்கே உருக்கியது நிலக்கரிக் கோக்கால் அல்ல, மரக்கரியால். அதனால் இரும்பில் கந்தகம் மிகக் குறைவு. கந்தகம் ஏறிய இரும்பு, பழுக்கக் காய்ச்சி அடிக்கும்போது விரிசல் விடும். ஆனால் மரக்கரி உலைக்குப் பசி அதிகம். சுற்றுக் காடுகள் தேயத் தேயக் கரி தொலைவிலிருந்து வந்தது, செலவு எகிறியது. 1860களில் ஆலை மூடப்பட்டது.

ஹீத் அதற்கு முன்பே ஷெஃபீல்டு போய்விட்டார். எஃகு உருக்கும்போது மாங்கனீசு சேர்த்தால் தரம் கூடும் என்று கண்டு 1839இல் காப்புரிமை வாங்கினார். மாங்கனீசு கந்தகத்தைப் பிடித்துக்கொள்ளும்; பொல்லாப்பு குறையும். லாபம் பார்த்தவர்கள் மற்றவர்கள். ஹீத் 1851இல் இறந்தார். காப்புரிமை வழக்கோ 1855இல் பிரபுக்கள் சபை வரை போனது. இன்று கப்பல் தகட்டோடு வரும் ஆலைச் சான்றிதழில் கார்பன், கந்தகம், பாஸ்பரஸ் அளவுகளோடு மாங்கனீசின் சதவீதத்தையும் அச்சிட்டே கொடுக்கிறார்கள்.