ஒரு யூனிட் என்பது எவ்வளவு?

இனிப்பு நீர் நம்மவர்களுக்குப் புதிய நோயன்று. 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு இந்நோய் உண்டு. ஆனால், பூனைக்கும் இது வரும் என்றால் பலர் சிரிக்கிறார்கள். பிறையில் எங்கள் வீட்டுப் பூனைக்கு வந்தபோது பாட்டியே சிரித்தார். அவரும் பல ஆண்டுகளாக இன்சுலின் போட்டுக்கொள்பவர்தான்.

பூனைக்கு வருவது பெரும்பாலும் மனிதர்களின் இரண்டாம் வகை நீரிழிவைப் போன்றது. காயடிக்கப்பட்ட, உடல் பருத்த, நடுவயதைக் கடந்த ஆண் பூனைகளை இது அதிகம் பிடிக்கிறது. எங்கள் பூனைக்கு இந்த நான்கும் பொருந்தும். நோய் வந்த பூனை ஓயாமல் தண்ணீர் குடிக்கும். அடிக்கடி சிறுநீர் கழிக்கும். நன்றாகத் தின்றும் மெலியும். இடைநிலைப்பள்ளியில் ‘பங்கிரியாஸ்’ என்று நாம் படித்த உறுப்பின் தமிழ்ப்பெயர் கணையம். அங்குச் சுரக்கும் இன்சுலின் போதாமல் போவதும், உடல் அதற்குச் சரியாக இணங்காததுமே காரணம்.

மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவு, 12 மணி நேரத்திற்கு ஒரு யூனிட். கேட்பதற்கு எளிமையாக இருக்கிறது. உண்மையில் அது எவ்வளவு? மனிதர்களுக்கான இன்சுலின் பெரும்பாலும் யூ-100 வகை. அதாவது ஒரு மில்லிலிட்டரில் 100 யூனிட். எனவே, ஒரு யூனிட் என்பது 0.01 மில்லிலிட்டர். ஒரு தேக்கரண்டியில் 500 யூனிட் பிடிக்கும். சொட்டு மருந்துக் குழாயிலிருந்து விழும் ஒரு சொட்டில் ஏறக்குறைய ஐந்து யூனிட் இருக்கும். ஆக, பூனைக்குப் போடுவது சொட்டில் ஐந்தில் ஒரு பங்கு!

இருபது யூனிட் போட்டுக்கொள்ளும் பாட்டிக்கு அரை யூனிட் கூடினாலும் குறைந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. பூனைக்கு அதே அரை யூனிட், மருந்தில் பாதி. பாட்டியின் இன்சுலின் பேனாவை ஒவ்வொரு யூனிட்டாகத்தான் திருக முடியும் என்பதால் அது எங்களுக்கு உதவவில்லை. ஒரு மில்லிலிட்டர் ஊசியிலும் பெரும்பாலும் இரண்டு யூனிட்டுக்கு ஒரு கோடுதான். நமக்கு வேண்டியது 0.3 மில்லிலிட்டர் ஊசி. அதிலும் அரை யூனிட் கோடு போட்டதைக் கேட்டு வாங்க வேண்டும். குழல் ஒடுக்கமாக இருப்பதால் கோடுகளுக்கு இடையே இடைவெளி கூடும், கண்ணுக்கும் எளிது.

அடுத்தது மிக முக்கியம். விலங்குகளுக்கென்றே செய்யப்படும் ‘கேனின்சுலின்’, ‘புரோசிங்க்’ ஆகியவை யூ-40 வகை. ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட்தான். இவற்றுக்குத் தனி ஊசி உண்டு. மூடி வழக்கமாகச் சிவப்பு. யூ-100 ஊசியின் மூடி ஆரஞ்சு. யூ-100 மருந்தை யூ-40 ஊசியில் ஒரு கோடு வரை இழுத்தால் பூனைக்குப் போவது இரண்டரை யூனிட். மாற்றிச் செய்தால் ஐந்தில் இரண்டு பங்கு மட்டுமே போகும். மூடியின் நிறத்தை மட்டும் நம்பாமல் குப்பியிலும் ஊசியிலும் எண்ணைப் படிக்க வேண்டும்.

எங்கள் பூனைக்குக் கொடுத்தது ‘கிளார்ஜின்’, யூ-100. அது தெளிந்த நீர் போல இருக்கும். கலங்கினால் பயன்படுத்தக் கூடாது. அளவு சிறியதாக இருக்கிறதே என்று தண்ணீர் கலந்து பெருக்கவும் கூடாது. மருந்தின் தன்மையே மாறிவிடும். குப்பியைத் தலைகீழாகப் பிடித்து மூன்று நான்கு யூனிட் இழுத்து, ஊசியைத் தட்டி, காற்றுக் குமிழிகளை மேலே ஏற்றி, ஊசி குப்பிக்குள் இருக்கும்போதே மெதுவாக ஒரு யூனிட் வரை தள்ள வேண்டும். தோலுக்கடியில் போகும் சிறு குமிழியால் தீங்கில்லை. ஆனால், அது பிடித்த இடத்தில் மருந்து இல்லை. கடுகளவு குமிழி கூட ஒரு யூனிட்டில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். அளவைப் படிப்பது ஊசிமுனைப் பக்கம் இருக்கும் ரப்பர் விளிம்பில். நான் வளாகத்தில் இருப்பதால் அம்மாதான் ஊசி போடுகிறார். காலை ஏழு, இரவு ஏழு. மூக்குக்கண்ணாடியும் சன்னலோர வெளிச்சமும் இல்லாமல் அவர் குப்பியைத் தொடுவதில்லை.

பூனை நெளிந்து, மருந்து ரோமத்தில் சிந்திவிட்டதோ என்ற ஐயம் வந்தால் இன்னொரு ஊசி போடவே கூடாது. ஒரு வேளை மருந்து தவறினால் சர்க்கரை சற்று ஏறும், அவ்வளவுதான். இரட்டிப்பாகப் போனால் சர்க்கரை இறங்கி, பூனை தள்ளாடும். வலிப்பு வந்து சாகவும் கூடும். அப்போது தேனை ஈறில் தடவிவிட்டு உடனே கிளினிக்கிற்குத் தூக்கிச் செல்ல வேண்டும். வாயில் ஊற்றினால் புரையேறும். பூனை சாப்பிடாத வேளையில் வழக்கமான ஊசியைப் போடுவதற்கு முன் மருத்துவரை அழைத்துக் கேட்பதே நல்லது.

மாவுச்சத்து குறைந்த உணவோடு தொடக்கத்திலேயே மருந்தும் கொடுத்தால் சில பூனைகளுக்குப் பின்னர் இன்சுலினே தேவைப்படாமல் போவதுண்டு. தேவை குறையக் குறைய அளவும் குறைக்கப்பட வேண்டும். மூன்றாம் மாதம் எங்கள் பூனைக்கு அரை யூனிட்டாகக் குறைத்திருக்கிறார்கள். அரைக் கோடு போட்ட ஊசி இப்போதுதான் முழுமையாகப் பயன்படுகிறது. அடுத்த இரத்தப் பரிசோதனை தீபாவளி கழித்து.