கேட்டது மயாமி, கிடைத்தது மில்வாக்கி

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து சீசன் ஜூனில் முடிகிறது. வதந்திகளின் சீசன் அதற்குப் பிறகுதான் ஆரம்பம். 2023 கோடையில் அதன் நாயகன் டேமியன் லில்லார்ட். போர்ட்லாந்து அணிக்காக 11 சீசன்கள் ஆடிய நட்சத்திர 'கார்டு' - பந்தை முன்னே கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவர். கோப்பை கைக்கு எட்டாத நிலையில், ஜூலையில் அணி மாற்றம் கேட்டார். அவர் விரும்பியது மயாமியை.

ஆனால், பெரும்பாலான வீரர்களை அவர்கள் சம்மதம் இல்லாமலே அணிகள் கைமாற்றலாம். கோடை முழுக்க மயாமி பேச்சே அடிபட, செப்டம்பர் 27 அன்று மில்வாக்கிக்கு அனுப்பப்பட்டார் லில்லார்ட். பதிலுக்கு வந்தவர்களில் ஒருவர் ட்ரூ ஹாலிடே. 2021இல் மில்வாக்கி கோப்பை வெல்லக் கைகொடுத்த கார்டு. சில நாட்களிலேயே அவரை பாஸ்டனுக்குக் கைமாற்றியது போர்ட்லாந்து. 2024இல் பாஸ்டனோடு மீண்டும் கோப்பையைத் தூக்கினார் ஹாலிடே.

லில்லார்டின் மில்வாக்கியோ இரண்டு ஆண்டும் பிளேஆஃப் முதல் சுற்றைத் தாண்டவில்லை. 2025 ஏப்ரலில் அவருடைய குதிகால் தசைநார் அறுந்தது. மீதமிருந்த 11 கோடி டாலருக்கும் அதிகமான சம்பளத்தை ஐந்தாண்டுகளில் பிரித்துத் தர ஒப்புக்கொண்டு, ஜூலையில் அவரை விடுவித்தது மில்வாக்கி.

அதே மாதம் அவர் திரும்பிய இடம் போர்ட்லாந்து. இந்த முறை ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து: அவர் சம்மதமின்றிக் கைமாற்ற முடியாது. அதே கோடையில் பாஸ்டனிலிருந்து அங்கே வந்து சேர்ந்த இன்னொரு கார்டு, ஹாலிடே.