பென்சில் சொல்லும் இயந்திர ரகசியம்!

கனமான அகராதி ஒன்றை மேஜைமேல் வைத்து, ஒரே விரலால் தள்ளிப் பாருங்கள். கொஞ்சம் தம் பிடித்துத்தான் தள்ள வேண்டியிருக்கும். இப்போது அதன் அடியில் நான்கு உருண்டைப் பென்சில்களை வரிசையாக வைத்துத் தள்ளுங்கள். சர்ரென்று ஓடுகிறது அல்லவா?

உரசிக்கொண்டு நகர்ந்தால் உராய்வு அதிகம். உருண்டு நகர்ந்தால் உராய்வு மிகக் குறைவு. அவ்வளவுதான் விஷயம்!

இன்னொன்றையும் கவனியுங்கள். புத்தகம் 20 செ.மீ. நகர்ந்தால், பென்சில்கள் 10 செ.மீ.தான் நகர்ந்திருக்கும். அளவுகோல் வைத்துச் சரிபாருங்கள். இதனால் பென்சில்கள் ஒவ்வொன்றாகப் பின்தங்கி வெளியே வந்துவிடும். அவற்றை எடுத்து மறுபடி முன்னால் வைத்தால்தான் ஓட்டம் தொடரும்.

சுற்றி வரும் குண்டுகள்

இரும்பைச் செதுக்கும் சி.என்.சி. இயந்திரத்தில், கருவி இம்மியும் விலகாமல் நேர்கோட்டில் ஓட வேண்டும். அதற்காக எஃகுத் தண்டவாளம் ஒன்றைப் பொருத்தி, அதன்மேல் சிறு வண்டி ஒன்றை ஓடவிடுகிறார்கள். வண்டிக்குள்ளே பென்சில்களுக்குப் பதிலாக எஃகுக் குண்டுகள் இருக்கும்.

பின்தங்கும் குண்டுகளை முன்னால் கொண்டுவருவது யார்? வண்டியேதான்! அதற்குள் ஒரு சுரங்கப் பாதை உண்டு. பின்னால் போன குண்டுகள் அதன் வழியே திரும்பி முன்னால் வந்துவிடும். ராட்டினம்போல இப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். ஜப்பானின் டி.ஹெச்.கே. நிறுவனம் 1972-இல் இத்தகைய வழிகாட்டியை உருவாக்கியது. பட்டறைகளில் இதை 'எல்.எம். கைடு' என்பார்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

எல்லா இடத்துக்கும் குண்டு வண்டி தேவையில்லை. இங்க் பிரிண்டரில் மை தெளிக்கும் பகுதி எடை குறைந்தது. வழவழப்பான கம்பிமேல் அது வழுக்கிக்கொண்டு போனாலே போதும். தாங்கவேண்டிய எடை, வேகம், துல்லியம், சுற்றியுள்ள தூசி ஆகிய நான்கையும் யோசித்தே பொறியாளர் முடிவு செய்வார்.

இங்கே ஒரு கணக்கு. ஒரு குண்டு வண்டி முன்னும் பின்னுமாக மொத்தம் 800 கி.மீ. ஓடித் தேயும் என்று வைத்துக்கொள்வோம். எடையை இரண்டு மடங்காக்கினால் எவ்வளவு ஓடும்? 400 கி.மீ. என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை, 100 கி.மீ.தான்! எடை 2 மடங்கானால், ஆயுள் 2 x 2 x 2, அதாவது எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். சிறிய வண்டி விலை மலிவு என்று வாங்கிப் பொருத்தினால், அது சீக்கிரமே தேய்ந்துவிடும். நஷ்டம்தான் மிச்சம்.

அகலமான டிராயரை ஒரு மூலையில் மட்டும் பிடித்து இழுத்துப் பாருங்கள். கோணலாகித் திணறும். இயந்திரத்திலும் வண்டிகளை மிக நெருக்கமாக வைத்தால் இதே தொல்லை வரும். தேவையான இடைவெளி விட வேண்டும்.

பராமரிப்பது எப்படி?

* தண்டவாளத்தைச் சுத்தமான துணியால் துடைக்க வேண்டும். ஓர் இரும்புத் துகள் உள்ளே போனால்கூடக் கீறல் விழும். கீறல் விழுந்தால் கருவி அதிரும். செய்யும் பொருளின் அளவு தவறிப்போகும்.

* தயாரித்தவர்கள் சொன்ன கிரீஸையே, சொன்ன கால இடைவெளியில் போட வேண்டும். சமையல் எண்ணெய் கூடவே கூடாது. நாளடைவில் அது பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

* வெறும் விரலால் தடவக் கூடாது. வியர்வையில் உள்ள உப்பு துருவை வரவழைக்கும்.

* வண்டியைத் தண்டவாளத்திலிருந்து சட்டென்று உருவக் கூடாது. சில வகைகளில் குண்டுகள் கொட்டிப்போய்விடும்.

* மின்சாரத்தை நிறுத்திய பிறகே பெரியவர்கள் இந்த வேலைகளைச் செய்வார்கள். ஓடும் இயந்திரத்தின் பக்கம் நீங்கள் கையைக் கொண்டுபோகவே கூடாது.

உங்கள் வீட்டு மேஜை டிராயர் இறுகிக் கிடக்கிறதா? இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா, அம்மா துணையோடு அதைக் கழற்றி, ஓரங்களில் சேர்ந்திருக்கும் தூசியைத் துடைத்துவிட்டு மாட்டிப் பாருங்கள். எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்று உங்கள் கையே சொல்லும்!